அடுத்த சுற்றுக்காக நின்றவன்

என் ஆசை முத்தண்ணே,

உன் மகன் காடி வாங்கிவிட்டான். நீ போனபோது அண்ணி வயிற்றில் ஆறு மாதமாக இருந்த ராஜுவுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறான். வெள்ளை நிறக் காடி, உள்ளே குளிர்சாதனம், ஜப்பான் கம்பெனி.

கம்பெனியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் எழுந்து போய்க் கை கழுவ வேண்டியிருக்கும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் என் வீட்டுக்கு வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காடிக்குப் பூசை, முதல் சுற்று போகும்போது முன் சீட்டில் நான் உட்கார வேண்டுமாம். “அப்பா எடத்துல நீங்கதான லா சித்தப்பா” என்றான். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். 

உனக்குப் பிறகு எந்த வண்டிப் பூசையிலும் நான் நின்றதில்லை, தெரியுமா? கற்பூரப் புகை ஒத்துக்கொள்ளாது, இளைப்பு வரும் என்று சொல்லிவிடுவேன். ஜப்பான்காரன் சண்டைக்குப் பிறகு முப்பது வருடம் பஸ் கம்பெனி பட்டறையில் டீசல் புகையைக் குடித்தவன் இதைச் சொன்னேன். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

காடியோடு ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். வழவழவென்று தாள். கம்பெனியின் வரலாறாம், ராஜு பெருமையாக என் கையில் வைத்தான். முதல் பக்கத்தில் சின்ன ஒரு கொட்டகை, தொப்பி போட்ட முதலாளி, பக்கத்தில் அவர்கள் செய்த முதல் லோரி. அந்த லோரியின் மூஞ்சியை நான் மறப்பேனா? அதே கம்பிவலை, அதே சப்பை மூக்கு. படத்தில் இரண்டு விளக்கு இருந்தது. நம் ரப்பர் தோட்டத்துக்கு வந்ததில் ஒன்றுதான், சண்டைக்காலத்துச் சிக்கனம் போலிருக்கிறது.

பக்கத்தைத் திருப்பினேன். சண்டை முடிந்துவிட்டது! குட்டிக் காடி ஒன்று, அதன் பக்கத்தில் சிரிக்கிற குடும்பம். அதற்கடுத்த பக்கங்களில் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போகிறது. நடுவில் அந்த லோரிகள் எங்கே போயின, யாரை ஏற்றின, ஒரு வரி கிடையாது. எச்சிலைத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டார்கள். சீ என்று புத்தகத்தை மூடிவைத்தேன். ராஜு என் முகத்தையே பார்த்தான்.

இதைவிட அசிங்கமான ஒன்றைச் சொல்கிறேன். அது நல்ல வண்டி, அண்ணே. இத்தனை வருடம் பட்டறையில் இருந்தவன் பொய் சொல்ல முடியாது. சண்டை முடிந்து கொஞ்ச காலம் கழித்து முதல் காடிகள் இங்கே வந்தபோது நம் சனம் பார்த்துத் துப்பியது. தகர டப்பா என்றார்கள். பிறகு பெடோங் டவுன் டாக்சிக்காரர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். வெள்ளைக்காரன் காடி மழைக்கால விடியலில் இருமி இருமிச் சாகும், இது சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். எண்ணெய் குறைவாகக் குடிக்கும், உதிரி சாமான் எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும், விற்றாலும் விலை போகும். இப்போது நம் வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்கு அதில்தான் போய் இறங்குகிறார்கள். கெட்ட வண்டியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

ஒருநாள் யாரும் பார்க்காதபோது ராஜுவின் காடியின் பொன்னட்டைத் தூக்கி உள்ளே இன்ஜினைப் பார்த்தேன். சுத்தமான வேலை. நீ இருந்திருந்தால் சோற்றைக்கூட மறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருப்பாய். அந்த நினைப்பு வந்ததும் படாரென்று மூடினேன், விரல் நசுங்கியது.

உன் இன்ஜின் பைத்தியம் ஊரறிந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போவதற்கு முன்னால், தோட்டத்து லோரி ஜப்பான்காரன் கையில் சிக்கக்கூடாது என்று இன்ஜினைச் சம்மட்டியால் அடித்து உடைக்கச் சொன்னாரே. உடைத்தவன் நீ, அதை ஓட்டியவனும் நீ. மூன்று நாள் உனக்குச் சோறு இறங்கவில்லை. சொந்த மாமியார் செத்தபோதுகூட இப்படி இல்லை என்று அண்ணியே கேலி செய்தார்.

அதற்குப் பிறகு ரப்பர் பால் வெட்டு நின்றது, சம்பளம் நின்றது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாட்களைத் தள்ளினோம். சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிறான், போனவன் திரும்புவதில்லை என்ற பேச்சு சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் பரவியது. லோரிச் சத்தம் கேட்டாலே லயத்து வரிசை வீடுகளை விட்டு ஆம்பிளைகள் எல்லாரும் புதர்க்காட்டுக்குள் ஓடிவிடுவோம். பிடிக்க வந்தவர்கள் இரண்டு முறை வெறும் லோரியோடு திரும்பிப் போனார்கள்.

மூன்றாவது முறை வந்த லோரி போகவில்லை. ஆபீஸ் வாசலிலேயே ஒரு வாரம் நின்றது, ரப்பர் பாளம் ஏற்ற வந்ததாகச் சொன்னார்கள். எல்லாரும் ஒளிந்திருக்க, நீ மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய். லோரியின் எண்ணெய்க் குழாய் அடைத்துச் சிப்பாய் திணறியபோது நீதான் ஊதிச் சரிசெய்தாய். அவன் உனக்கு சிகரெட் கொடுத்தான். புதருக்குள் எனக்குக் கிழங்கு கொண்டுவந்தபோது உன் வாயில் வேறு பேச்சே இல்லை. “ஒரு சுத்துதான்டா, பத்திக்குது. என்னா வண்டிடா!” என்றாய்.

அப்போது ஆயுத பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. நம் தோட்டத்து வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பின்னால் இதை எடுத்துப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பால் வெட்டுகிற கத்தி, வாளி, ரப்பர் ஸ்டோர் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த பிறகு லோரிக்குப் பூசை. மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தேங்காய் உடைத்ததும் லயத்துச் சனம் முழுக்க லோரியில் ஏறிவிடும். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி, மாரியம்மன் கோயில் முனையில் திரும்பி, ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து இறக்குவார். ஒரே நடையில் எல்லாரும் அடங்காததால் இரண்டு மூன்று சுற்று போகும். அந்த ஒரு நாளைக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கிற சனம் நாம்.

நம் லோரி செத்துவிட்டதால் அந்த லோரிக்குப் பூசை போடலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியது? ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி உன்னைக் கேட்டாரா, நீ கிராணியைக் கேட்டாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜப்பான் ஆபீசர் சரி என்றார், உன்னையே ஓட்டவும் சொன்னார். படையல் பொங்கலுக்குச் சீனியும் கொடுத்தார். ஒரு வருடமாகச் சீனியைக் கண்ணால் காணாதவர்கள் நாம். பூசையன்று யாரையும் தொடமாட்டார்கள், ஆபீசர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று கிராணி சொன்னார்.

அந்த வாக்கைப் புதருக்குள் எடுத்துக்கொண்டு போனவன் நான்தான். இருபத்திரண்டு வயதுத் தடியன், ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வெளியே வாங்க, பயப்படாதீங்க, எங்கண்ணன்தான் வண்டி ஓட்டுது என்றேன். உன் பெயரைச் சொன்னதும் நம்பி வந்தார்கள். குளித்து, திருநீறு பூசி, இருந்ததில் நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

பூசை நன்றாகவே நடந்தது. ஒற்றை விளக்குக்கு நான் பொட்டு வைத்தேன். சனம் வழக்கம்போல ஏறியது. சிப்பாய்கள் பெண்களையும் பிள்ளைகளையும் மட்டும் மெதுவாக இறக்கிவிட்டார்கள். ஒரு குழந்தையைத் தூக்கி அதன் அம்மா கையில் கொடுத்து ஒருவன் சிரித்தான். முதல் சுற்று ஆம்பிளைகளுக்குப் போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நீ ஓட்டுகிற சீட்டில் ஏறினாய், உன் பக்கத்தில் துப்பாக்கியோடு சிப்பாய் ஏறினான். கற்பூரத் தட்டை வைத்துவிட்டு நான் வருவதற்குள் லோரி நிறைந்துவிட்டது. அடுத்த சுற்றில் ஏறிக்கொள்ளலாம் என்று நின்றுவிட்டேன்.

நீ ஹாரன் அடித்துக்கொண்டே போனாய். கோயில் முனையில் வண்டி திரும்பவில்லை. புழுதி நேராகப் பெரிய ரோட்டுப் பக்கம் போவதைப் பார்த்தோம். பார்த்தும் எங்களுக்கு விளங்கவில்லை, அண்ணே. பெரிய சுற்றாகப் போகிறான் முத்து, புது வண்டியல்லவா என்று பேசிக்கொண்டோம். காத்திருந்த நேரத்தில் நான் அந்தச் சீனிப் பொங்கலைத் தின்றேன். இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கியும் தின்றேன். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் ஒரு பெண் முதலில் கத்தினாள். தின்றது முழுக்க அங்கேயே வாந்தியாக வந்தது.

சண்டை முடிந்த பிறகு சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர், பெடோங்காரர், நீ காலராவில் போய்விட்டதாகச் சொன்னார். அங்கேயும் சில மாதம் உன்னை லோரி ஓட்ட வைத்தார்களாம். நேரில் பார்த்தீர்களா என்று அண்ணி கேட்டார். அவர் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். அப்படியானால் கருமாதி கிடையாது என்று அண்ணி சொல்லிவிட்டார். பொட்டையும் அழிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கருமாதி என்றால் எப்படிப் போனார் என்ற பேச்சு வரும், பேச்சு வந்தால் கூப்பிட்டது யார் என்று வரும்.

இத்தனை வருடமும் மனசுக்குள் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜினைப் பார்த்தால் ஈயென்று இளிக்கிற மடையன், ஒரு சிகரெட்டுக்கும் ஒரு ஸ்டேரிங்குக்கும் ஊரையே ஏற்றிக்கொண்டு போனவன் என்று. உன்மேல் அருவருப்பாக இருந்தால் என்மேல் கொஞ்சம் குறைவாக இருந்தது. அந்தச் சுகத்துக்காகத்தான் திட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி வீட்டுக்குப் போனேன். வாசலில் காடி மாலையோடு நின்றது. முன் கதவை ராஜு எனக்காகத் திறந்துவிட்டான். புது ரெக்சின் வாடை மூக்கில் அடித்தது. என்னால் காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியவில்லை. வீட்டுக்குள் வாருங்கள் என்று இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புதருக்குள் போய்க் கூப்பிட்டது நான்தான் என்பதையும் சொன்னேன், பொங்கல் தின்றதையும் சொன்னேன்.

ராஜு சாவியை மேசையில் வைத்தான். “காடியத் திருப்பிக் குடுத்துடறேன் சித்தப்பா” என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். 

அண்ணி சொன்னார்: “அவரு வரமாட்டேன்னுதான் சொன்னாரு தம்பி. எவனாச்சும் சும்மா சீனி குடுப்பானா, எனக்கு மனசு சரியில்ல, இப்பவே பெடோங்குல எங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருவோம்னாரு. நான்தான் மாட்டேன்னேன். நம்ம லோரிய ஒடச்சதுக்கப்பறம் அவரு ஸ்டேரிங் புடிச்சு நான் பாக்கவேயில்ல. ஒரு தரம் பாத்துரணும்னு ஆசயா இருந்திச்சு.”

அண்ணே, அப்படியானால் உனக்குச் சந்தேகம் இருந்ததா? இருந்தும் அண்ணியின் ஆசைக்காக ஏறினாயா? சந்தேகத்தை ஏன் எங்களிடம் சொல்லவில்லை? சொன்னால் கேட்டிருப்போமா? உன்னைத் திட்டிய வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?

அண்ணி அழவில்லை. சாவியை எடுத்து ராஜுவின் கையிலேயே வைத்து மூடினார். வருகிற அமாவாசைக்குத் தஞ்சோங் டாவாய் கடலோரத்தில் உனக்குக் கருமாதி செய்துவிடலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிட்டீங்க. அவரோட ஏறுனவங்க வீட்டுல?”

சொல்லவில்லை என்றேன்.

“அவங்களுக்கும் யாரும் கருமாதி பண்ணல தம்பி. அவங்க வீட்டாளுங்களப் போயிக் கூட்டிட்டு வாங்க, எல்லாருக்கும் சேத்துப் பண்ணிருவோம். ராஜு காடில கூட்டிட்டுப் போவான்.”

ஆகையால் நாளையிலிருந்து, அண்ணே, அந்த வண்டியில் ஏறப்போகிறேன். எனக்குக் குமட்டும், தெரியும். சுங்கை லாலாங்கில் தொடங்கி, லயம் உடைந்த பிறகு சிதறிப்போனவர்களைத் தேடிப் பண்டார் பாரு வரைக்கும் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, உன்னோடு ஏறியவரின் பெயரை முதலில் சொல்வேன். அவரை வெளியே கூப்பிட்டது நான், என்னை நம்பித்தான் வந்தார் என்பதை அடுத்துச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் கருமாதிக்கு அழைப்பேன். யாராவது காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளமாட்டேன். அப்படியே அடுத்த வீட்டுக்குப் போவேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்த தம்பி,
சிங்காரம்