ஒரு கண்ணால் கேட்ட சாட்சியம்

ஜனவரி 12

என் வாயாடிக்கு,

அம்மாவின் அன்பு முத்தங்கள். இங்கே நான் நலம். அச்சகத்தில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பள்ளிப் பாடப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. பிழை திருத்தித் திருத்தி விரலெல்லாம் சிவப்பு மை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது. போனில் உன் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? முதலில் கேமரா கெட்டுவிட்டது என்றாய். பிறகு சிக்னல் இல்லை என்றாய். இப்போது கடிதமாக எழுதித் தள்ளுகிறாய். காது கேட்காத அம்மாவுக்கு முகத்தைக் காட்டாத போன் எதற்குடி? உன் கையும் முகமும் அசைந்தால்தானே எனக்குப் பேச்சு?

மாப்பிள்ளையை வீடியோவில் பிடித்தேன். பாவம், அவருக்குச் சைகையில் பொய் சொல்ல வரவில்லை. 'நல்லா இருக்கா' என்று காட்டிவிட்டுத் தரையைப் பார்த்தார். வீட்டில் சண்டையா? உடம்பில் ஏதாவதா? எதுவானாலும் சொல்.

உன் அம்மா

பி.கு.: போன கடிதத்தில் வரி மேல் வரி ஏறிக் கிடந்தது. பேருந்தில் உட்கார்ந்தா எழுதினாய்?


ஜனவரி 20

அன்புள்ள அம்மா,

பேருந்தில் எழுதவில்லை. எனக்கு ஒவ்வொரு வரியும் இரண்டாகத் தெரிகிறது. எது நிஜம் என்று தேடித் தேடி எழுதியதில் அப்படி ஆகிவிட்டது.

தைராய்டு, அம்மா. கோளாறு கழுத்துச் சுரப்பியில், அடி விழுந்தது கண்ணில். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற தசைகள் வீங்கி, இரண்டு கண்ணையும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கின்றன. இமை முழுசாக மூடுவதில்லை. கண்ணாடியில் பார்த்தால் எந்நேரமும் யாரையோ முறைக்கிற ஒருத்தி நிற்கிறாள். நான் 'சாப்பிட்டியா?' என்று கேட்டால்கூட உனக்கு அதட்டலாகத் தெரியும். அதனால்தான் முகத்தை மறைத்தேன். நீ பயப்படுவாய் என்று நான் பயந்தேன்.

வலியைக் கேட்காதே. எழுந்ததும் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல உறுத்தல். பொழுது ஏற ஏற, உள்ளேயிருந்து யாரோ கட்டைவிரலை வைத்து வெளியே அழுத்துகிற மாதிரி. பக்கவாட்டில் பார்த்தால் இழுக்கிறது, மேலே பார்த்தால் உயிர் போகிறது. சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே இருக்கிறேன். தூங்கும்போது களிம்பு போட்டு இமையை டேப் ஒட்டி மூடிக்கொள்கிறேன்.

இந்த நேரத்தில்தானா நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்க்க எனக்கு ஒரு வழக்கு வர வேண்டும்! சலவைக்கூடத்துத் தேய்ப்பு இயந்திரத்தில் கை சிக்கி இரண்டு விரல் போன பெண். அவளுக்கும் உன்னைப் போலக் காது கேட்காது. இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை முதலாளி கழற்றி வைத்துவிட்டார் என்கிறாள் அவள். அவளே அசட்டையாகக் கையை விட்டாள் என்கிறார் அவர். விரல் போனதில் அவளுடைய சைகையே மாறிவிட்டது. மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் தடுமாறுகிறார்கள். எனக்குப் புரிகிறது. ஆனால் அவளுடைய மூன்று விரலும் எனக்கு ஆறாகத் தெரிகிறதே, என்ன செய்வேன்?

உன் வாயாடி


ஜனவரி 27

என் கண்ணே,

இப்படி எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுவேன், வேறு பெயர் வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று ஒரு பிழையும் என் கண்ணில் படவில்லை. மேலாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வழக்கை விட்டுவிடு. அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அவளைப் பெறவில்லை, உன்னைப் பெற்றேன். பள்ளிக்கூடம் போகும் முன்பே வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் எனக்கு வாயாக நின்றவள் நீ. போதும். ஊருக்கெல்லாம் வாயாக இருந்து கண்ணைத் தொலைக்காதே.

அம்மா


பிப்ரவரி 9

அன்புள்ள அம்மா,

கோபித்துக்கொள்ளாதே. விடவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். "வேலை பார்க்கறதால நோய் கூடாது, வலி வேணா கூடும். வலி வந்தா நிறுத்துங்க. ஆனா சிகரெட் புகை மட்டும் கிட்டவே வரக்கூடாது" என்றார். வாரம் ஒருமுறை நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். வீக்கம் மெதுவாகத்தான் அடங்குமாம். உன் மாப்பிள்ளை சிகரெட்டை அன்றே விட்டுவிட்டார். இப்போது வீடெல்லாம் மிட்டாய்க் காகிதம்.

ஒரு கண்ணை மூடினால் உலகம் ஒன்றாகிவிடுகிறது. அதனால் மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தை மறைத்து ஒட்டிவிட்டேன். அந்தப் பெண்ணை வீட்டுக்கே வரச் சொல்லிப் பழகுகிறேன். முதல் நாள் என் முகத்தைப் பார்த்ததும் 'கோபமா?' என்று கேட்டாள். 'இல்லை, வீக்கம்' என்றேன். 'எனக்கு விரல் குறைச்சல், உனக்குக் கண் பெருசு. சரியாப் போச்சு' என்று சிரித்தாள். அதற்கப்புறம் எப்படி அம்மா விடுவேன்?

அவள் கையில் 'மூடி'யும் 'கதவு'ம் இப்போது ஒன்றுபோலவே வருகின்றன. மூடி என்றால் மட்டும் தோள் லேசாக இறங்குகிறது. அதைப் பிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. இதைப் புதிதாக வருகிறவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா?

விசாரணை அடுத்த மாதம் நான்காம் தேதி.

வாயாடி


ஏப்ரல் 2

என் வாயாடிக்கு,

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது என்று நீ எழுதியது கிடைத்தது. மூடியைக் கழற்றி வைத்தது முதலாளிதான் என்று நீதிபதியே சொல்லிவிட்டாராமே. நெஞ்சு குளிர்ந்தது. இனி என் முறை.

விசாரணை அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ கூடத்தை விட்டு வெளியே வந்ததும் வாசலில் என்னைப் பார்த்தாய், வலி தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்துவிட்டாய். கண்ணை மூடியவளிடம் நான் எப்படிப் பேசுவேன்? உன் கண்ணை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தேன்.

நான் வந்ததே உன்னைத் திட்டி வீட்டுக்கு இழுத்துப் போகத்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனேன், அதை மறைக்க மாட்டேன். எழுந்து வந்துவிடலாமா என்றுகூட இருந்தது.

அப்போது முதலாளியின் வக்கீல் எழுந்தார். அவர் பேசியதையெல்லாம் நீ அவளுக்குக் கையால் சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்கும் ஒன்றுவிடாமல் கிடைத்தது. உன்னைப் பற்றி அவர் சொன்னதைக்கூட முகம் மாறாமல் நீயே சொன்னாய்: "ஒரு கண்ணை மறைச்சுக்கிட்டு நிக்கறவங்க சொல்றதை எப்படி நம்பறது?"

உன் பதிலும் உன் கையில் வந்தது. "ரெண்டையும் திறந்தா நாலு கை தெரியும் சார். அதுல எந்தக் கையை நம்பறதுன்னு அப்புறம் நீங்கதான் சொல்லணும்."

நீதிபதி சிரித்தார். வக்கீல் விடவில்லை. ஒரு தாளில் எதையோ கிறுக்கி, உனக்குக் காட்டாமல் அவளிடம் மட்டும் நீட்டினார். அவள் படித்துச் சைகையில் சொன்னாள். நீ வாயைத் திறந்தாய். வக்கீலின் முகம் தொங்கியதிலேயே நீ சரியாகச் சொல்லிவிட்டாய் என்று தெரிந்தது. அவளும் அத்தோடு நிறுத்தவில்லை. "கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்றாள். அதை நீ விழுங்கிவிடுவாய் என்று நினைத்தேன். சொல்லிவிட்டாய் போலிருக்கிறது, மொத்தக் கூடமும் தோள் குலுங்கச் சிரித்தது.

பிறகு அவள் மூடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நான் பிறவியிலேயே செவிடு, சைகைதான் என் தாய்மொழி. எனக்கே அவள் கை பாதிதான் புரிந்தது. நீ ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. உன் ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக்கூட நீ அவள் கையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

உன் குரலை நான் கேட்டதே இல்லை. கீச்சுக் குரலா, கட்டைக் குரலா, அதுகூடத் தெரியாது. அன்றைக்குப் பார்த்தேன். நீ பேசப் பேச நீதிபதி எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். வக்கீல் தன் தாளைப் புரட்டுவதை நிறுத்தினார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோல முன்னால் சாய்ந்தார்கள். ஒருவரும் இருமவில்லை, அசையவில்லை.

வழக்கை விடச் சொன்னேனே, அதைத் திருத்திக்கொள்கிறேன். சிவப்பு மையிலேயே.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் தோளைத் தட்டி, உன்னைக் காட்டி என்னவோ கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியவில்லை. நான் பேருந்துச் சீட்டைத் திருப்பி, பெரிய எழுத்தில் எழுதி நீட்டினேன்:

'என் மகள்.'

அம்மா