பதினொன்றை ஒன்று என்றேன்

இராசிபுரம்,
ஆடித் திங்கள் 12

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு,

நீயும் மருமகன் சரவணக்குமாரும் பேத்தி கனிஷ்காவும் அந்தக் குளிர்நாட்டில் நோய்நொடியின்றி வாழ வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இங்கு அனைவரும் நலம் என்று அடுத்த வரியை எழுதுவது என் வழக்கம், நீ ரோட்டர்டாம் போன ஒன்பது ஆண்டுகளாக அதை மாற்றியதில்லை, இம்முறை அவ்வரியை எழுதும் உரிமை எனக்கில்லை. பதறாதே, அம்மாவுக்கு ஒன்றுமில்லை, கடைவாய்ப் பல் ஒன்று போனது, அவ்வளவே. சென்ற மாதம் நீ அழைத்தபோதெல்லாம் நான் சொற்பொழிவுச் சுற்றில் இருப்பதாக அவள் சொன்னாள் அல்லவா, அது நான் சொல்லச் சொன்ன பொய். நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் குடலிறக்க அறுவை செய்துகொண்டு படுத்திருந்தேன். அறுவை இனிதே முடிந்தது. அதன்பின் நடந்தவற்றில் இனிது எதுவுமில்லை.

நான்காம் நாள் வயிறு கழியத் தொடங்கியது. கூட்டத்துக்கு முன் தொண்டை கரகரத்தால் மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கி விழுங்குவேனே, வேண்டா என்று நீ பலமுறை சொன்ன அந்த எதிருயிரி (நீ ஆன்டிபயாடிக் என்பாய்) மாத்திரையும், அறுவைக்குப் பின் கொடுத்ததும் சேர்ந்து குடலில் இருந்த நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டன, காலியான அவ்விடத்தில் ஒரு கிருமி குடியேறிவிட்டது என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். அதன் பெயர் கிளாஸ்டிரிடியம் டிஃபிசில். மூன்று நாள் முயன்றும் நல்ல தமிழ்ப்பெயர் அமையவில்லை, அதற்குப் பெயர் சூட்டும் விழா தேவையில்லை என்று விட்டுவிட்டேன். தஸ்னீம் என்னும் செவிலிப்பெண் காலைதோறும் வந்து, ஐயா நேத்து எத்தனை தடவை போனீங்க, மறைக்காம சொல்லுங்க என்று கேட்பாள். நான் ஒன்று என்பேன். உண்மையில் பதினொன்று. ஞாயிறன்று சங்ககிரியில் கூட்டம், சுவரொட்டியில் என் பெயரே பெரிய எழுத்து, உண்மையைச் சொன்னால் வெளியே விடமாட்டார்கள். உண்மைக்காக நாற்பது ஆண்டு தொண்டை கிழியப் பேசியவன் கழிப்பறைக் கணக்கில் பத்தை மறைத்தேன்.

என் அறையில் இன்னொரு கட்டிலும் உண்டு, இருவருக்கும் ஒரே கழிப்பறை. அக்கட்டிலில் கண்ணுசாமி என்பவர், சரக்குந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறையில் தகடு சரிந்து கால் முறிந்தவர், அவருக்கும் எதிருயிரி ஊசி போய்க்கொண்டிருந்தது. என் பேச்சென்றால் அவருக்கு உயிர். எங்கள் தமிழ் மன்றத்தார் பழத்தட்டோடு வந்து படுக்கையிலேயே எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், நானும் அதைக் கழற்றவில்லை, கழிப்பறைக்கும் அதோடுதான் போனேன். வெள்ளியன்று வீடு திரும்பும்போது, வாங்கிய ஆடையை அடுத்த தகுதியாளர்க்குப் போர்த்தும் நம் மேடை வழக்கப்படி, அதைக் கழற்றிக் கண்ணுசாமிக்குப் போர்த்தி, உழைப்பாளியின் தோளே உயர்ந்த மேடை என்று ஒரு வரியும் சொன்னேன். மனிதர் கண்கலங்கிப் போனார். மூன்று நாள் அதைப் போர்த்தியே உறங்கியிருக்கிறார்.

சங்ககிரியில் ஏழே மணித்துளியில் உரையை முடித்து மேடையை விட்டு இறங்கி விரைந்தேன். என் வாழ்நாளிலேயே மிகுதியாகக் கைதட்டல் பெற்ற உரை அது. அன்றே மயங்கி விழுந்து அதே மருத்துவமனைக்குத் திரும்பினேன், ஆய்ந்து பார்த்துத் தனியறையில் பத்து நாள் வைத்தார்கள். கண்ணுசாமிக்கும் அதே நோய் வந்துவிட்டது என்று தஸ்னீம்தான் சொன்னாள். பொன்னாடையாலா என்று கேட்டேன். கக்கூஸ் பொது, கட்டில் கம்பி பொது, எதால வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்கய்யா, ஆனா நீங்க மொத நாளே சொல்லியிருந்தா அன்னிக்கே உங்களைத் தனியா மாத்தியிருப்போம் என்றாள். வாயிலில் தொங்கும் கிருமிநீக்கிப் புட்டி நீரை நாள்தோறும் தவறாமல் கையில் தேய்த்தேனே என்றேன். அந்தக் கிருமி ஓடு போட்டுக்கிட்டுத் தூங்கும், புட்டித்தண்ணிக்கெல்லாம் அசையாது, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில தேய்ச்சுக் கழுவினாத்தான் போகும் என்றாள்.

நான் தேறினேன், கண்ணுசாமி தேறி வீட்டுக்குப் போய் மீண்டும் விழுந்தார். இந்நோய் சிலருக்குத் திரும்பி வருமாம், இரண்டாம் முறை கடுமையாம், சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறதாம், இந்த ஒரு வாரம் கடந்தால்தான் உறுதி சொல்ல முடியும் என்கிறார்கள். அதே மருத்துவமனையில் மறுபடி படுத்திருக்கும் அவரைப் பார்க்க ஐந்து நாளைக்கு முன் போனேன். வழியெல்லாம் ஓர் உரையை அமைத்துக்கொண்டு போய், கை கழுவி, அவர்கள் கொடுத்த மேலங்கி மாட்டிக்கொண்டு நின்றபோது அதில் ஒரு சொல்லும் வரவில்லை. கண்ணுசாமி, நான் பொய் சொன்னேன், ஒன்றல்ல பதினொன்று என்றேன். அவர், எனக்குப் பதினாலுங்க, இதுலயாச்சும் உங்களை ஜெயிச்சுப்போட்டனுங்கய்யா என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. உங்களுக்குப் பேச்சுங்க, எங்கூட்டுக்காரரு பதினேழு நாளா ஒரு வாய் சோறு திங்கலீங்க என்று சொல்லிவிட்டுத் துணியை அலசப் போய்விட்டார். எந்த மேடையிலும் எனக்கு இப்படி ஒரு மறுப்புரை கிடைத்ததில்லை. இந்த மாதக் கூட்டங்கள் அனைத்தையும் கைவிட்டேன். நாள்தோறும் காலையில் போய், அந்த அம்மையார் வீட்டுக்குப் போய்ச் சமைத்துத் திரும்பும் வரை கட்டிலருகே அமர்ந்திருக்கிறேன். பேசுவதில்லை.

நீ உடனே புறப்பட வேண்டா. தொண்டை மாத்திரையை விட்டுவிட்டேன், வெந்நீரே போதும். வீட்டில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பொன்னாடைகளையும் அம்மா வெளுப்புக் கரைசலில் போட்டுவிட்டாள், எல்லாம் இப்போது ஒரே நிறம். கனிஷ்காவை உண்ணும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல். மூவரும் நீடு வாழ்க, நிறைவாக வாழ்க. இனி நீ அழைத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நலம் என்று சொல்லமாட்டேன், எண்ணைச் சொல்வேன். நீயும் அப்படியே கேள்.

கழுவிய கையால் எழுதும்
உன் தந்தை
வீரபாகு

இன்று எனக்கு இரண்டு. கண்ணுசாமிக்கு ஒன்பது. தஸ்னீமின் ஏட்டில் இருப்பதும் அதே எண்.