அப்பா போன இன்டர்வியூ

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். இந்தத் தடவை வாய்வார்த்தைக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே.

பிஸ்கட் கம்பெனியை மூடியதிலிருந்து அப்பா உன்னிடம் போனில் பேசவே இல்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் குளிக்கிறார் என்று சொல்லி வைத்தேன், அந்த மனுஷன் குளித்த குளியலுக்கு இந்நேரம் கரைந்தே போயிருக்க வேண்டும். உண்மையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவார், பெண்ணிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்பார். தூக்கமில்லை, சாப்பாடும் கொறிப்புதான். எனக்குப் பயமாகவே இருந்தது. அப்போதுதான் எதிர்வீட்டு நர்ஸ், வேலை போனவர்களுக்காக நூலகத்து மாடியில் வாராவாரம் ஒரு மனநல ஆலோசகர் வருகிறார், அண்ணனை அனுப்புங்க அக்கா என்றாள். வேலை போனவர்களை வரச் சொல்கிறார்கள் என்று நான் சொன்னதுமே, ஆள் எடுக்கிறார்கள் என்று இவராகவே முடிவு கட்டிவிட்டார். சட்டைக்கு இஸ்திரி போட்டு, மீசைக்கு மை தீட்டி, சர்டிபிகேட் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் போயிருக்கமாட்டார். அங்கே ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க, இவர் வாசலில் நின்று உள்ளே வரலாமா மேடம் என்றாராம். எப்படி இருக்கீங்க என்று அந்தம்மா கேட்டதற்கு, பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர், தேவையில்லாமல் லீவே போட்டதில்லை என்று ஆரம்பித்து முழுசாக ஒப்பித்தாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரிங்க சார், இப்ப எப்படி இருக்கீங்க என்று மறுபடி கேட்டாராம் அந்தம்மா. அவ்வளவுதான், பைலை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார். பக்கத்தில் இருந்த வேலை போன டிரைவர்தான் முதுகைத் தடவிக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து, வேலை கிடைக்கலை, ஆனா அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்க என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

இப்போது ஒரு வாரம்கூடத் தவறுவதில்லை. நன்றாகத் தூங்குகிறார், அந்தக் குறட்டையில் எனக்குத்தான் தூக்கம் போச்சு. காலையில் டிரைவரோடு நடக்கப் போய் ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு வருகிறார். வேலை இன்னும் அமையவில்லை, அமையும்போது அமையட்டும். நேற்றுச் சாப்பிடும்போது, ஞாயித்துக்கிழமை பொண்ணுகிட்ட நானே பேசறேன், நீ நடுவுல வராதே என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனைக் கையிலேயே வைத்திரு. வேலை என்னாச்சு என்று கேட்காதே, எப்படி இருக்கீங்கப்பா என்று மட்டும் கேள். நடுவில் அழுதாலும் அழுவார். பதறிப்போய் அம்மாகிட்ட குடுங்க என்று சொல்லிவிடாதே கண்ணு. கொஞ்சம் பொறுத்திரு, மிச்சத்தையும் அவரே பேசுவார்.

இப்படிக்கு,
நடுவில் வராமல் கதவோரம் நின்று கேட்கப்போகிற
உன் அம்மா