ரெய்னியரின் எரிசாராயம்

டெல்ஃப்ட்,
செவ்வாய் மாலை (மின்னஞ்சலில்)

அன்புள்ள ரெய்னியருக்கு,

நலம். பூனையும் நலம். மழை விடவில்லை. சமையலறை ஜன்னல் மறுபடி ஒழுகுகிறது. "போன வருஷமே சரி பண்ணிட்டேன்" என்று நீ சத்தியம் செய்தாயே, அதே ஜன்னல்தான்.

லிஸ்பன் மாநாட்டில் உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்களாம். கரியமில வாயுவை மின்சாரத்தால் எரிசாராயமாக்கிய மகான் அல்லவா! தாமிரப் பொடியோடு நீ வடிவமைத்த அயனோமர் என்ற பிளாஸ்டிக் பசையைக் கலந்து தகட்டில் பூசினால் சாராயம் கொட்டுகிறதாம். வியாழக்கிழமை மேடையில் அதைத்தான் பேசப்போகிறாய்.

இங்கே உன் ஆராய்ச்சி மாணவி யானெக்கெ அழுதபடி இருக்கிறாள். எத்தனை முறை செய்தும் அவளுக்கு அந்தச் சாராயம் வரவில்லை. உன் கட்டுரை ஏற்கப்பட்ட அன்று, நீ வாங்கிவந்த ஆப்பிள் கேக்கை வெட்டிக்கொண்டே எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னாய்: "உனக்குச் சின்னத் துண்டு போதும்மா. உன் கை பட்டா கேக்கும் கெட்டுப்போயிடும்." வெள்ளிக்கிழமை அவளுடைய முதலாண்டுத் தேர்வு. அவளை ஆராய்ச்சியிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பும்படி தேர்வுக்குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறாய்.

நேற்று நம் ஆய்வகத்தில் உன் தகடு ஒன்றை உப்புக் கரைசலில் ஊறவைத்தேன். மின்சாரம் கொடுக்கவில்லை, வாயுவும் விடவில்லை. சாராயம் வந்தது, மகானே! அந்தப் பசையைப் புட்டியில் எதில் கரைத்து வைத்திருக்கிறாய்? சாராயத்தில். அவசரத்தில் தகட்டைச் சரியாக உலர்த்தாமல் எடுத்து, புட்டிச் சாராயத்தையே அளந்து உலகுக்கு அறிவித்திருக்கிறாய். வெட்கமாக இல்லையா? யானெக்கெ ஒழுங்காக உலர்த்தினாள். அதனால்தான் அவளுக்கு வரவில்லை.

எனக்கு ஆத்திரமே, உன் பசை உண்மையில் நல்ல பசை என்பதுதான். தண்ணீரை ஒதுக்கி, வாயுவைத் தாமிரம்வரை போகவிடுகிறது. அவள் தகட்டில், பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எத்திலீன் வாயு நாள்கணக்காகக் குறையாமல் வருகிறது. அதைக் காட்ட வந்தவளை, "சாராயம் எங்க? முதல்ல அதைக் கொண்டா" என்று விரட்டினாயாம். புகழ் கண்ணை மறைத்தால் கண்டுபிடித்தவனுக்கே தன் கண்டுபிடிப்பு தெரியாது போல.

மேடையில் நீயே உண்மையைச் சொல்லிவிடு. அவள் பெயரையும் சொல். சொன்னால் ஸ்கிப்ஹோல் விமான நிலையத்துக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை தேர்வுக்குழு முன் நான் போய் நிற்பேன். உனக்கு அங்கிருந்து ரயில் இருக்கிறது, எந்த ஊருக்கு வேண்டுமானாலும்.

நல்ல புத்தி வரட்டும்.

இன்றுவரை உன் மனைவி,
ஹில்லெகே