சாம்பல் நாரையின் முகம்

பச்சூகா,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அசுசேனாவுக்கு,

நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன். இங்கே முழங்காலைத் தவிர எனக்கு எல்லாம் சரி. அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது, கோபம்தான் நிற்கவில்லை, அது உன்மேலா என்மேலா என்று தெரியவில்லை.

போன மாதம் மக்காரியோ வந்தான். முகமூடி மல்யுத்தத்தில் ‘கருந்தேள்’ என்ற பெயரில் என்னோடு மோதியவன், உனக்கு ஆறு வயதிருக்கும்போது முகமூடிப் பந்தயத்தில் என்னிடம் தோற்றவன். தோற்றவன் அங்கேயே முகமூடியைக் கழற்றிப் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும், ஆயுளுக்கும் அதை மறுபடி போடக்கூடாது. அழுதுகொண்டேதான் கழற்றினான். அப்புறம் பெரிய ஆட்டத்துக்கு யாரும் அவனைக் கூப்பிடவில்லை, வேன் ஓட்டப் போய்விட்டான். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக நம் வீட்டுக்கு வந்தவன் உட்காரக்கூட இல்லை, கைப்பேசியை நீட்டினான். லண்டனில் நீ ஆடும் ஆட்டம். நான் என் ஆட்டப் பெயரோடு சேர்த்து உனக்குத் தைத்துக் கொடுத்த சாம்பல் நாரை முகமூடியைக் கோமாளி ஒருவன் உன் தலையிலிருந்து உருவித் தன் பின்பக்கத்தைத் துடைக்கிறான், நீ முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாய், சனங்கள் பீர் கோப்பையோடு சிரிக்கிறார்கள். “வாரத்துக்கு நாலு தடவ கழட்டுறாளாமே உன் பொண்ணு? மறுநாளே மாட்டிக்கிறாளாம்! அப்ப நான் எதுக்குடா அன்னைக்கு அழுதேன்?” என்றான்.

உனக்குப் போன் செய்தேன். “இது நாடகம்ப்பா, இங்க யாருக்கும் அதெல்லாம் தெரியாது” என்றாய். அவர்களுக்குத் தெரியாது, சரி, உனக்குத் தெரியுமே. உன் அப்பா யார் என்று கேட்டவர்களிடமெல்லாம், நாரையின் முகம் வெளியே தெரியக்கூடாது என்று, பெயின்ட் அடிக்கிறவர் என்று சொன்ன பிள்ளை நீ, ஒரு தடவைகூட வாய் தவறவில்லை.

முந்தாநாள் ஞாயிறு, சந்தைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அரங்கில் மக்காரியோவோடு இறங்கினேன். முகமூடி இழந்தவன் என்பதால் அவன் தலைமுடியைப் பந்தயம் வைத்தான், தோற்றால் மொட்டை, நான் என் பழைய முகமூடியை. மூன்றாவது சுற்றில் என் தோள்களைத் தரையோடு அழுத்திக்கொண்டு காதுக்குள் “எந்திரிடா கிழவா, எனக்குப் பிச்சை போடாத” என்றான். நான் எழவில்லை. முடியாமலா, மனமில்லாமலா என்று அவனுக்குத் தெரியாது, உனக்கும் சொல்லப்போவதில்லை. இருநூறு பேர் பார்க்க நாடாவை அவிழ்த்து, பிதென்சியோ ஓல்வேரா, பச்சூகா, முப்பத்தேழு வருட ஆட்டம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. உன் அம்மா சால்வையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மக்காரியோ என் முகமூடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான்.

சாம்பல் நாரை இனி இல்லை. உன்னிடம் இருப்பது வெறும் துணி, மாட்டு, கழற்று, எதைத் துடைக்க வேண்டுமானாலும் கொடு. நேற்று தக்காளி விற்கிறவள் என்னை மேலும் கீழும் பார்த்து “நாரை நீங்கதானா? இன்னும் பெரிய ஆளா இருக்கும்னு நெனச்சேன்” என்றாள்.

குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, மாதா உன்னைக் காப்பாற்றட்டும். என்னிடம் மன்னிப்பு வேண்டாம், மக்காரியோவுக்கு இரண்டு வரி எழுது, மறந்துவிடாதே.

ஊருக்கெல்லாம் இனி பிதென்சியோ ஓல்வேரா,
உனக்கு
அப்பா