மூன்றாம் துளையில் கிடந்த கல்

ஈக்காட்டுத்தாங்கல் குடோனை இன்று காலையிலிருந்து காலி செய்துகொண்டிருக்கிறோம். குடோனின் சொந்தக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். பூமியில் துளை போட்டு எடுத்த கல் உருளைகளை வரிசையாக அடுக்கி வைக்கும் மரப்பெட்டிகள் இருக்கின்றனவே, அவற்றில் பழையதையெல்லாம் கழித்தாக வேண்டும். எதைத் தூக்கிப் போடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வதற்கு என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள். நானும் கறாராகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது போகட்டும், இதுவும் போகட்டும், அந்த மூன்றும் போகட்டும். உங்கள் பெட்டி வரும் வரைக்கும்.

மூடியில் நீலப் பெயின்ட். ராஜா அண்ணாமலைபுரம், துளை மூன்று. தூசி படிந்தால் எல்லாக் கல்லும் ஒரே கல்தான். பார்க்க வேண்டுமென்றால் முதலில் நனைக்க வேண்டும். குடிக்க வைத்திருந்த பாட்டிலைச் சாய்த்து ஊற்றினேன். சாம்பல் நிறம் கலைந்து அந்தக் கருநீலம் மேலே வந்தது. கூடவே அந்த வாசனையும். நனைந்த கல்லும் கொஞ்சம் டீசலும் கலந்த வாசனை. சாமான் ஏற்ற வந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நாம் சேர்ந்து வேலை பார்த்தது பதினாறு வருஷம். துளை போடும் இயந்திரம் உங்களுடையது, அதிலிருந்து வருவதைப் பார்த்து எழுதும் நோட்டு என்னுடையது. நான் மயிலாப்பூரிலிருந்து டிபன் டப்பாவோடு வரும் மண்ணியல் மேடம். நீங்கள் பட்டினப்பாக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் ட்ரில்லர். நம் இருவருக்கும் ஒரே வயது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சம், அண்ணே என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்றே காலத்தை ஓட்டினேன். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவரிடம் நீங்கள், "மேடம் எனக்கு வெச்ச பேரு இங்கபாருங்க" என்று சொன்னீர்கள். அவர் அதை நம்பி, அந்த மாதம் முழுக்க உங்களை அப்படியே கூப்பிட்டதும் நடந்தது.

நீங்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். கம்பெனி கொடுத்த பூட்ஸில் வலது கால் மட்டும்தான் இருக்கும். இடது காலை வெறுங்காலாக, துளைக்குள் இறங்கும் இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் தரையில் ஊன்றிக்கொள்வீர்கள். ராடு என்று சொல்லும் அந்தச் சுழலும் கம்பியின் மேல் கை சும்மா இருக்கும். சேஃப்டி ஆபீசர் வரும்போது மட்டும் இரண்டாவது பூட்ஸ் காலில் ஏறும். ஒரு நாள் கேட்டே விட்டேன். "கட்டுமரத்துல நிக்கறவன் பூட்ஸ் போட்டுக்கினா நிப்பான்? காலுக்குத்தாம்மா தெரியும் அடியில இன்னா கீதுன்னு," என்றீர்கள். எனக்குப் படிப்பு இருந்தது. அதனால் சிரித்தேன்.

நம் பேச்செல்லாம் டீ நேரத்தில்தான். முதன்முதலில் இந்தக் கருநீலக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இது இன்னா மேடம், எங்க தோண்டினாலும் கடைசில இதுலதான் முட்டுது?" என்று கேட்டது நீங்கள். பல்லாவரம் மலையும் பரங்கிமலையும் இந்தக் கல்தான், மயிலாப்பூருக்கு அடியில் கிடப்பதும் அதன் தொடர்ச்சிதான் என்று சொன்னேன். இது உண்டானது பூமிக்குள் வெகு ஆழத்தில், பல கிலோமீட்டருக்குக் கீழே. அதற்கு மேலே ஒரு காலத்தில் பெரிய மலைகள் இருந்தன. வெயிலும் மழையும் ஆறும் கோடிக்கணக்கான வருஷமாக அவற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கரைத்த பிறகுதான், அடியில் இருந்த இந்தக் கல் வெளிச்சத்துக்கு வந்தது.

நீங்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டீர்கள். "அவ்ளோ மலையும் பூட்ச்சா?"

"போயிடுச்சு."

"எங்க வூட்டு முன்னாடி ஒரு வரிச வூட்டயே கடல் இஸ்துக்கினு போனதுக்கே குப்பமே நாலு நாள் சோறு துன்னல. இது மலையேம்மா."

அப்புறம் நீங்களே யோசித்துச் சொன்னீர்கள். மணல் எங்கேயும் காணாமல் போகாது, ஊர் மாற்றிக்கொள்ளும் என்று. தெற்கத்திக் காற்றில் மணல் வடக்கே நகர்வதும், வாடைக் காற்றில் கொஞ்சம் திரும்பி வருவதும், இடையில் கல்லைக் கொட்டித் தடுத்தால் ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் அரிப்பதும் உங்களுக்குக் கரையில் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து தெரியும். நான் அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள்.

இன்னொரு நாள் நிலத்தட்டுகள் பற்றிச் சொன்னேன். நாம் நிற்கும் தரை பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து, அடியிலுள்ள சூடான பாறையின் மேல் மெல்ல நகர்கிறது. நம் கிழக்குக் கரை ஒரு காலத்தில் தென்துருவத்து அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. நம் கல்லைப் போன்ற கல் அங்கேயும் பனிக்கு அடியில் இருக்கிறது. ஒட்டியிருந்த நிலம் விரிசல் விட்டுப் பிரிந்தது. நடுவில் கடல் வந்தது. நம் தட்டு வடக்கே போய் ஆசியாவில் மோதியது. மோதிய இடம் மடிந்து எழும்பியதுதான் இமயமலை. இன்னும் நகர்கிறது, நகம் வளரும் வேகத்தில்.

நீங்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "அப்போ மைலாப்பூரும் போய்க்கினே கீதா?"

"ஆமா. வடக்கே."

"நல்லதாப் போச்சு. பஸ்ஸுக்கு நிக்கவாணாம்."

சிரித்து முடித்த பிறகு, அந்த இமயமலையும் சும்மா இல்லை, உயர உயர ஆறுகள் அதை அரித்துச் சேறாக வங்காள விரிகுடாவில் கொண்டுவந்து கொட்டுகின்றன என்றேன். நீங்கள் கடல் இருக்கும் திசையைப் பார்த்தீர்கள். "எங்க கடல்லயா? அப்போ ஏத்தறவன் ஒருத்தன், எறக்கறவன் ஒருத்தன். ரெண்டு பேருக்கும் லீவே கெடையாது." நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததை நீங்கள் ஒரு டீயில் முடித்துவிட்டீர்கள். அதை நான் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், யார் சொன்னது என்பதையும் சேர்த்து.

இனி அந்த மூன்றாம் துளை. ஆறு மாடிக் குடியிருப்பு வரவேண்டிய இடம். அஸ்திவாரத் தூண்கள் பூமிக்குள் எந்த ஆழத்தில் பாறை மேல் உட்கார வேண்டும் என்பதை நம் துளைகள்தாம் சொல்ல வேண்டும். முதல் இரண்டிலும் பதினெட்டு மீட்டரில் பாறை வந்தது. மூன்றாவதில் பதினொன்றிலேயே முட்டியது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. மண்ணுக்கு அடியில் பாறை மேடு பள்ளமாகத்தான் இருக்கும், இது ஒரு மேடு என்று நினைத்தேன். மூன்று மீட்டர் முழுக் கல்லாக வந்தால் பாறை என்று எழுதி மூடிவிடுவது நம் தொழில் வழக்கம். மூன்று மீட்டரும் வந்தது. ஒரு கீறல் இல்லாத கருநீலம்.

"பாறைதான். மூடிடலாம்," என்றேன்.

நீங்கள் ராடிலிருந்து கையை எடுக்கவில்லை. "இது நெலத்தோட ஒட்டலமா. தனியா கீது. காலு கூசுது."

"என்ன கூசுது?"

"ஒட்டின பாறைன்னா அதிர்வு அடியில போய்ப் பூடும். இது திரும்பி வருது."

சனிக்கிழமை சாயங்காலம். கட்டடக்காரர்கள் பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டார்கள். மேனேஜர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். ஒரு ட்ரில்லரின் கால் கூசுகிறது என்று எந்தப் பத்தியில் எழுதுவது? பதினொரு மீட்டரில் பாறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை வந்து இயந்திரத்தைக் கழற்றுங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது நீங்கள் இடது காலைத் தரையில் ஊன்றியபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தீர்கள்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு உங்கள் போன். "மேடம், வந்து ஒரு தபா பாருங்க." வந்து பார்த்தேன். நீங்களாகவே மேற்கொண்டு துளையிட்டிருந்தீர்கள். கல் இன்னும் அரை மீட்டர் போய் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ராடு தன்பாட்டில் ஒரு சாண் கீழே இறங்கியதாம். துளையிலிருந்து திரும்பி வந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தி என்னிடம் நீட்டினீர்கள். தேய்த்துப் பார்த்தேன். களிமண்ணும் நொறுங்கிய மணலும். பாறை மக்கிப்போன மண்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பாறையின் விரிசல்களில் தண்ணீர் இறங்கி, ஓரத்திலிருந்து அதை மக்கவைத்துக்கொண்டே வரும். வெல்லக்கட்டி கரையும்போது நடுவில் ஒரு உருண்டை மிஞ்சுகிறதே, அதுபோல மக்காத ஒரு உருண்டை மட்டும் மண்ணுக்குள் தனியாக நின்றுவிடும். பாடத்தில் அதற்குப் படமே இருக்கிறது. நான் அந்தப் படத்தைப் பரீட்சையில் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியவள். அதே உருண்டையைப் பாறை என்று எழுதி, ஆறு மாடியை அதன் தலையில் நிறுத்தப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. இன்னும் ராடு சேர்த்து இறக்கினீர்கள். பதினெட்டரை மீட்டரில் மறுபடி முட்டியது. "வாங்க, வந்து நில்லுங்க," என்றீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். காலுக்கு அடியில் ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் ஒட்டிய பாறை என்று சிரித்தீர்கள்.

திங்கட்கிழமை மேனேஜர் முகம் சிவந்திருந்தது. ஆழம் பதினொன்று என்று கட்டடக்காரர்களிடம் அவர் சொல்லியாகிவிட்டது. "யாரந்த ட்ரில்லர்? பாதியில நிறுத்தினவன் பேரை எழுதிக் குடுங்க," என்றார். நம் தொழிலில் ட்ரில்லரின் பெயரை யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தீர்கள். வெளியே வந்து உங்கள் முழுப்பெயரைக் கேட்டேன். அத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"தப்பாயிட்ச்சா மேடம்?" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம்மேல போட்டுடுமா. எனக்கு இன்னா பேரு கெடப்போவுது? உனக்குக் கையெழுத்து கீது," என்றீர்கள்.

அந்த ஒரு நிமிஷம் நான் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று இப்போது உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எழுதிக் கொடுத்திருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள், நீங்களும் சிரித்துக்கொண்டே அடுத்த சைட்டுக்குப் போயிருப்பீர்கள்.

உள்ளே போய், குறிப்பு என்று இருந்த பத்தியில் எழுதினேன். பதினொரு மீட்டரில் பாறை என்று எழுதித் துளையை மூடச் சொன்னது மண்ணியலாளரின் பிழை. அது தனிக்கல் என்று கண்டறிந்து, மேற்கொண்டு துளையிட்டுப் பாறையைக் காட்டியவர் ட்ரில்லர். அதன் பக்கத்தில் உங்கள் பெயர், இனிஷியலோடு. கீழே என் கையெழுத்து. எனக்கு இரண்டு வருஷம் பதவி உயர்வு தள்ளிப்போனது. போகட்டும். என் வாழ்க்கையில் நான் போட்ட கையெழுத்துகளில் எனக்குப் பெருமை தருவது அது ஒன்றுதான்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. போன ஐப்பசியில் நுரையீரல் நோய் உங்களைக் கொண்டுபோன பிறகு வீட்டுக்கு வந்தேன். சுவரில் மாலை போட்ட உங்கள் படம், அதற்குப் பக்கத்தில் லேமினேட் செய்த அந்தப் பக்கம். உங்கள் வீட்டம்மா, "ஆறு மாடி எம்பேர்லதான் நிக்குதுன்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிக்கினே இருப்பாரு," என்றார். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்தேன், முடியவில்லை. அந்தக் கட்டடத்தின் வழியாகப் போகும்போதெல்லாம் பால்கனியில் காயும் துணிகளைப் பார்க்கிறேன். அந்த வீட்டுக்காரர்கள் யாருக்கும் உங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உங்கள் பெட்டியைக் குடோனிலிருந்து என் காரில் ஏற்றிவிட்டேன். ஏற்றித் தந்தவர்கள், ஒரு கல்லுக்கா இவ்வளவு என்றார்கள். அங்கிருந்து நேரே மந்தைவெளி சைட்டுக்குப் போனேன். புது ட்ரில்லர், நாற்பது வயதிருக்கும். அவர் முன்னால் இடது கால் ஷூவைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். இப்போதெல்லாம் எங்கேயும் அப்படித்தான் நிற்கிறேன். மனிதர் ஒரு மாதிரி பார்த்தார். பாறை பத்தொன்பதில் முட்டியது. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் வழக்கத்துக்கு மேல் இரண்டு மீட்டர் போகச் சொன்னேன். முணுமுணுக்காமல் போனார். கல் முழுசாக வந்தது.

இந்த மடலில் உங்கள் பெயரை நான் எழுதவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இப்போது நம் கம்பெனியின் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு வரி அச்சடித்து வருகிறது, துளையிட்டவர் பெயர் என்று. ஐந்து வருஷம் சண்டை போட்டு வாங்கிய வரி. சாயங்காலம் நோட்டைத் திறந்து அந்த வரிக்கு வந்ததும் மந்தைவெளிக்காரரிடம் கேட்டேன்.

"இங்க பாருங்க, உங்க முழுப்பேரு என்ன?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது. "எம்பேரு இன்னாத்துக்கு மேடம்? தப்பாயிட்ச்சா?"

"இல்லங்க," என்றேன். "சரியா இருக்கு. அதுக்குத்தான் கேக்கறேன்."

அவர் இனிஷியலோடு சொன்னார். எழுதிக்கொண்டேன்.