பன்னிரண்டு மாசமும் பறிக்கத் தோணுற செடி

பிப்ரவரி 9, ஞாயிறு

கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இனி என் வீட்டுக்காரர் முகம் சுவரைப் பார்க்காது, ஜன்னலைப் பார்க்கும். லாரி ஓட்டி ஊர் ஊராய்ச் சுற்றின மனுசன். ஐப்பசியில் லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அன்றையிலிருந்து சுவர்தான் அவருக்கு ஊர்.

டாக்டர் நேற்றுச் சொன்னார்: "எலும்பு கூடிருச்சும்மா. இனி நடந்தாத்தான் உண்டு. இப்படியே படுத்திருந்தா காலு இறுகிப்போகும். அப்புறம் என்கிட்ட வராதீங்க."

பிடித்து நடக்க வாக்கர் வாங்கியாச்சு. அதில் இப்போது அவர் துண்டு காய்கிறது.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கு? துவைகல், தண்ணி டிரம், பக்கத்து வீட்டுச் சேவல். சேவலை எத்தனை நாள் பார்ப்பார், பாவம்? சேவலுக்கே வெட்கமாய் இருக்கும். செடி வைக்கப் போகிறேன். எந்த மாசம் பார்த்தாலும் ஏதாவது பூத்திருக்கணும். அதைப் பார்க்கவாவது எந்திரிச்சு உட்காரட்டும்.

பிப்ரவரி 12

வடமதுரை ரோட்டில் சேவியர் நர்சரிக்குப் போனேன்.

"என்ன மாதிரி வேணும், ஆனந்திக்கா?"

"பன்னெண்டு மாசமும் ஒரு மனுசன் கண்ண எடுக்காம பாக்கணும்."

"அதுக்கு டிவி வாங்குங்கக்கா."

"டிவி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சேவியரு. மனுசன்தான் ஓடல."

சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாய்க் காட்டினார். கோடைக்குக் காகிதப்பூ, வெயில் ஏற ஏற அதுக்குக் கொண்டாட்டம். மழைக்குக் காசித்தும்பை. மார்கழிக்கு டிசம்பர் பூ. பூ ஓய்ந்த நாளில் இலையிலேயே நிறம் காட்டக் குரோட்டன்ஸ். வருசம் பூராவும் செம்பருத்தி, நந்தியாவட்டை. அஞ்சாங்கிளாஸ் தாண்டாத நான் வருசத்துக்கே டைம்டேபிள் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 15

எல்லாம் தொட்டியில் வைத்து, ஜன்னலுக்கு நேரே கேட்டுப் பக்கமும் மதிலோரமும் வரிசை கட்டியாச்சு.

"செடியப் பாத்தா காலு வந்துருமா?" என்றார்.

"காலு வராட்டிப் போகுது, மூஞ்சியில செத்த வெளிச்சம் வரட்டும்."

போர்வையை இழுத்துக்கொண்டார்.

மார்ச் 16

செம்பருத்தி முதல் மொட்டு நேற்று வெடிக்கத் தயாராய் இருந்தது. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் காம்பு மட்டும் நிற்கிறது!

உள்ளே இருந்து இவர் குரல்: "பச்சச் சேலை. மதில் மேல கைய விட்டுப் பறிச்சுட்டுப் போயிருச்சு."

"பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"பாக்கத்தான செடி வச்ச?"

மார்ச் 28

தினமும் இதே கூத்து. விடிவதற்குள் கை கையாய் வருகிறது. கேட்டால், "சாமிக்குத்தானக்கா." சாமிக்கு என்று சொல்லிவிட்டால் அது திருட்டில் சேராதாம். எந்தச் சாமி சொன்னது?

இவர் ஒவ்வொருத்தருக்கும் பெயர் வைத்திருக்கிறார். பச்சைச் சேலை. கேரிபேக் பெரியவர். அப்புறம் ஒரு குட்டைப் பொம்பளை. அது ஆளே தெரியாது, கை மட்டும் மதிலுக்கு மேல் வந்து தடவும். அது "தடவுணி". காப்பி கொண்டுபோனால் ரிப்போர்ட் வாசிக்கிறார். எனக்கோ வயிறு எரிகிறது. மொட்டைச் செடிக்குத் தண்ணி ஊற்றவா நான் பிறந்தேன்?

ஏப்ரல் 6

சேவியரிடம் புகார். "பறிக்க மாட்டாத செடியா வைங்கக்கா. வாசம் இருக்கக்கூடாது, தலையில வைக்கக்கூடாது, சாமிக்கு ஆகக்கூடாது" என்றார். செம்பருத்தி, நந்தியாவட்டைத் தொட்டிகளைக் கொல்லைக்குத் தள்ளினேன். அந்த இடத்தில் இன்னும் ரெண்டு காகிதப்பூ, குரோட்டன்ஸ், முள்ளுக்கிரீடம். இப்ப வாங்கடி பாப்போம்!

ஏப்ரல் 20

ஒரு கைகூட வரவில்லை. ஜெயிச்சாச்சு.

மே 4

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். வாசல் ஜவுளிக்கடை மாதிரி ஜொலிக்கிறது. ரோட்டில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

இவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

காலுக்குப் பயிற்சி கொடுக்கிற ஜீவிதா இன்றைக்கு என்னைத் தனியாய்க் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, மார்ச் மாசம் அங்கிள் தானா எந்திரிச்சு உக்காந்தாரே. இப்ப தலையணையவிட்டுத் தலைய எடுக்க மாட்டேங்குறாரு. கால் இறுக ஆரம்பிச்சிருச்சு. என்னாச்சு?"

எனக்கென்ன தெரியும்? வெயிலாய் இருக்கும் என்றேன். வெயில்தானா?

மே 5

கேட்டே விட்டேன். "இம்புட்டு அழகா வச்சிருக்கேன். திரும்பிப் பாத்தா என்ன? கண்ணு வலிக்குதா?"

"பாக்க என்னடி இருக்கு? நேத்து இருந்த பூவு இன்னைக்கும் அப்படியே இருக்கு. நாளைக்கும் இருக்கும்." அப்புறம் சுவரிடம் சொல்கிற மாதிரி: "பச்சச் சேலைக்கு ஒடம்புகிடம்பு சரியில்லையோ என்னமோ. வாரதே இல்ல."

அடப்பாவி மனுசா. பூவையா பாத்த நீ? திருட வாரவுகளத்தான பாத்துக்கிட்டு இருந்திருக்க! நா ஒரு கூறுகெட்டவ — வார சனத்தையெல்லாம் நாந்தான் வெரட்டி விட்டுருக்கேன். அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. பால் பொங்கி வழிந்தது.

மே 6

கொல்லைத் தொட்டிகளை முன்னால் இழுத்துப் போட்டேன். நேரே நர்சரி.

"சேவியரு, பாத்தாலே கை துறுதுறுன்னு வரணும். பறிக்காமப் போனா ராத்தூக்கம் வரக்கூடாது. பன்னெண்டு மாசத்துக்கும் அப்படிச் செடியாக் குடுங்க."

"போன தடவ பறிக்கக்கூடாதுன்னீங்க?"

"அது போன ஆனந்தி."

அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். ஆனால் யோசித்துத்தான் கொடுத்தார். வெயில் காலத்துக்கு மல்லிகை. ஆடியில் அம்மனுக்குச் செவ்வரளி, பெரிய செடியாகவே. புரட்டாசிச் சனிக்கிழமைக்குத் துளசி. ஐப்பசிக்குப் பவளமல்லி. மார்கழியில் கோலத்துக்கு வைக்க மதில் மேல் பூசணிக்கொடி. தைக்குச் செவ்வந்தி. காகிதப்பூவை மட்டும் கேட்டை விட்டுத் தள்ளி ஒரு மூலையில் வைத்தேன், எனக்காக.

மே 19

பச்சைச் சேலை வந்துவிட்டாள். இன்றைக்கு நீலச் சேலை. இருந்தாலும் இவருக்கு அவள் பச்சைச் சேலைதான். எந்திரிச்சு உட்கார்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை அதட்டினார்: "லைட்டப் போடாதடி! பயந்து ஓடிரப்போகுது."

ஜூன் 22

இப்போதெல்லாம் விடிகாலையில் நாங்கள் ரெண்டு பேரும் எங்கள் வீட்டுக்குள்ளேயே திருடர் மாதிரி சத்தமில்லாமல் நடமாடுகிறோம். நாங்கள் என்று எழுதிவிட்டேன். இவர் கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும்தான். வாக்கரில் துண்டு காயவில்லை.

ஜூலை 25, ஆடி வெள்ளி

எழுந்து பார்த்தால் கட்டில் காலி.

வெளியே ஓடினேன். காற்று ஆளைத் தூக்குகிறது. மதிலோரம் இவர், ஒரு கையில் வாக்கர், இன்னொரு கையில் அரளிக் கொப்பு. மதிலுக்கு அந்தப் பக்கம் கை மட்டும் தெரிகிறது.

"எம்புட்டு நேரந்தான் தடவுவ? இந்தா, வளச்சுப் பிடிக்கேன். கொப்ப ஒடிச்சிராத."

"அந்த உச்சியில இருக்கதையும் எட்டிக் குடுத்துருங்கண்ணே."

வெட்கமே இல்லை அந்தக் கைக்கு. அடுத்த தெருக் கருப்பம்மாளாம். இவரும் எட்டிப் பறித்துக் கொடுத்தார், முறிந்த காலை ஊன்றி. நான் கூப்பிடவில்லை. வந்த சுவடு தெரியாமல் அப்படியே உள்ளே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17

வாக்கர் போய்க் கைத்தடி வந்தாச்சு.

செப்டம்பர் 14

ரேஷன் கடைக்கு அங்கிட்டு இருக்கிற மகேஸ்வரி கேட்டில் நின்று கத்தினாள். "என் ரோசாவ ஒங்க வீட்டுக்காரர் பறிச்சுட்டாரு. கேட்டா, சாமிக்குங்குறாரு!"

அவள் முன்னால் இவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். வயசுக்கு ஏற்ற வேலையா என்று கேட்டேன். அவள் திருப்தியாய்ப் போன பிறகு கேட்டைச் சாத்தினேன்.

"ரேஷன் கடையத் தாண்டியா போனீங்க? அம்புட்டுத் தூரமா?"

"போறப்ப மெதுவாத்தான் போனேன்" என்றார், சட்டைப்பையிலிருந்து ரோசாவை எடுத்தபடி. "திரும்பையில நாயி வெரட்டுச்சு. வெரசாவே வந்துட்டேன்."